லினக்ஸ் கெர்னலுக்குப் பேட்ச் அனுப்புவதும் பாதுகாப்புக் குறைபாட்டைத் தெரிவிப்பதும்: ஒரு கையேடு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டீர்கள் என்றால், அதை அனுப்பும் முன் ஒரு முடிவை மட்டும் நிதானமாக எடுக்க வேண்டும். இந்தப் பிழையை ஊரறியச் சொல்லலாமா, அல்லது திருத்தம் தயாராகும்வரை சம்பந்தப்பட்ட சிலருக்கு மட்டும் தெரிவிக்க வேண்டுமா என்பதே அந்த முடிவு. மற்ற தவறுகள் எல்லாவற்றுக்கும் மறுவாய்ப்பு உண்டு. விளக்கம் தெளிவாக இல்லை, மடல் வேறொருவருக்குப் போய்விட்டது, பேட்ச் (நிரலில் செய்த மாற்றத்தைத் தாங்கிய உரை) பொருந்தவில்லை என்றால் இரண்டாம் பதிப்பில் சரிசெய்துகொள்ளலாம். பொது மடற்குழுவுக்குப் போய்விட்ட மடலைத் திரும்பப் பெற மட்டும் வழியே இல்லை. அது கெர்னல் மடல்களின் பொது ஆவணக் களஞ்சியத்தில் பதிவாகி, உலகெங்கும் உள்ள சந்தாதாரர்களின் பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்றும் பெரும்பாலும் மின்மடல் வழியாகவே பேட்சுகளைப் பெறுகிறது. கெர்னலின் பதிப்புகளைப் பராமரிப்பதற்காகவே அவர் 2005இல் உருவாக்கிய கிட் கருவியைக் கொண்டு இயங்கும் பல திட்டங்கள் கிட்ஹப் போன்ற தளங்களில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைத்துக்கொள்ளுமாறு தளத்திலேயே கோருதல்) முறைக்கு மாறிவிட்டபோதும், கெர்னல் மடல் முறையை விடவில்லை. இதைப் பழமைப் பிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. இந்த முறையின் ஒவ்வொரு விதியும், பேட்சுகளைப் பரிசீலித்து ஏற்கும் பராமரிப்பாளரின் வாசிப்பு நேரத்தைக் காப்பாற்றுவதற்காகவும், பத்தாண்டுகள் கழித்து அதே வரியைத் திறந்து பார்க்கப்போகும் ஒருவருக்குக் காரணத்தைச் சொல்லி வைப்பதற்காகவும் ஏற்பட்டது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வேறு திட்டங்களுக்குப் போனாலும் அங்குள்ள விதிகளின் நோக்கம் எளிதில் பிடிபடும்.

எந்த வழியில் போவது

தனக்கு உரிமையில்லாத ஒன்றைச் செய்ய இந்தப் பிழை யாருக்காவது வழிவிடுகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணப் பயனர் ரூட் எனப்படும் முழுக் கட்டுப்பாட்டு அதிகாரம் பெறுவது, வலைப்பின்னல் வழியாக வரும் ஒரு பாக்கெட் கணினியை முடக்குவது, கன்டெய்னருக்குள் அடைபட்டிருக்க வேண்டிய நிரல் வெளியே வந்துவிடுவது, ஒரு மெய்நிகர் கணினி தன்னைத் தாங்கும் கணினியின் நினைவகத்தைப் படிப்பது ஆகியவை ஐயத்துக்கு இடமின்றி இந்த வகையில் சேரும். ரூட் அதிகாரம் ஏற்கெனவே கையில் உள்ளவர் மட்டுமே தூண்டக்கூடிய கோளாறு பெரும்பாலும் சாதாரணப் பிழைதான். அதைத் திறந்த வெளியிலேயே திருத்தலாம்.

பிழை ஏற்கெனவே பொதுவில் இருந்தால் அதை மறைத்துச் சொல்வதில் பயன் இல்லை. கூகுள் நடத்தும் சிஸ்பாட் என்ற தானியங்கி நிரல் 2017 முதல் கெர்னலை இடைவிடாமல் சோதித்து, கண்டுபிடிக்கும் கோளாறுகளைப் பொதுக் குழுக்களுக்கே அனுப்பிவருகிறது. அப்படி வந்த ஒன்றை நீங்கள் திருத்தினால், அது எவ்வளவு ஆபத்தானதாகத் தோன்றினாலும் பொது வழியில்தான் அனுப்ப வேண்டும். தனிக் குழுவுக்கு அனுப்பினால் திருத்தம் தாமதமாவதைத் தவிர வேறெதுவும் நடக்காது. உண்மையிலேயே முடிவு செய்ய முடியாமல் தடுமாறினால், பிழை உள்ள துணையமைப்பின் (கெர்னலின் அந்தப் பகுதியின்) பராமரிப்பாளருக்கு மட்டும் தனி மடலில் சுருக்கமாகக் கேளுங்கள். மறைவாகத் தொடங்கியதை அவர் பொதுவுக்குக் கொண்டுவரச் சொல்லலாம், எதிர்த்திசையில் அது முடியாது.

சாதாரணப் பேட்ச்: எழுதும் முன்

கெர்னல் மூலநிரலின் மேல்மட்டத்திலேயே மெயின்டெய்னர்ஸ் என்ற பெயரில் ஒரு நீண்ட உரைக்கோப்பு இருக்கிறது. எந்தக் கோப்புறை எந்தத் துணையமைப்பைச் சேர்ந்தது, அதன் பராமரிப்பாளர் யார், மறுஆய்வாளர் யார், எந்த மடற்குழு, எந்த கிட் களஞ்சியம், தற்போது யாராவது பார்த்துக்கொள்கிறார்களா அல்லது கைவிடப்பட்டதா என்பதெல்லாம் அதில் எழுத்துக் குறிகளோடு பதிவாகியிருக்கும். லினஸின் முதன்மைக் களஞ்சியத்தின் மீதே வேலையைத் தொடங்குவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அந்தத் துணையமைப்புக்கெனத் தனிக் களஞ்சியம் குறிக்கப்பட்டிருந்தால் அதன் மீது தொடங்குவதே நல்லது. அங்கே ஏற்கெனவே வேறொருவர் அதே பகுதியை மாற்றி எழுதியிருக்கக்கூடும்.

ஒரு பேட்ச், ஒரு மாற்றம். திருத்தத்தோடு சேர்த்து அருகிலிருந்த இடைவெளிகளையும் ஒழுங்கு செய்துவிடலாம் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மாற்றம் பெரிதாக இருந்தால் அதைப் படிகளாகப் பிரித்து ஒரு தொடராக அனுப்பலாம். ஆனால் தொடரில் ஒவ்வொரு படியும் தனியாகத் தொகுக்கப்பட்டு (கம்பைல் ஆகி) இயங்க வேண்டும். கிட் பைசெக்ட் மூலம் ஒரு பிழை எந்தக் கமிட்டில் (கிட்டில் பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று தேடுபவர், உங்கள் தொடரின் நடுப்படி ஒன்றில் வந்து நிற்கும்போது கெர்னல் தொகுக்கப்படாமல் போனால் அவர் தேடல் அங்கேயே முறிந்துவிடும்.

கமிட் செய்தி

புதியவர்கள் நிரலுக்கு மூன்று நாள் செலவிட்டுவிட்டுச் செய்திக்கு மூன்று நிமிடம் கொடுப்பார்கள். மறுஆய்வாளர் முதலில் படிப்பது செய்தியைத்தான். அதில் நம்பிக்கை பிறக்காவிட்டால் கீழே உள்ள டிஃப்பை (மாறிய வரிகளின் பட்டியலை) ஐயத்தோடு படிப்பார், அல்லது நாளைக்கு என்று ஒதுக்கிவைப்பார்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். யுஎஸ்பி டிரைவர் ஒன்றில், சாதனம் செருகப்பட்டதும் இயங்கும் ப்ரோப் ஃபங்ஷன் முதலில் நினைவகத்தை ஒதுக்குகிறது. அடுத்து ஒரு பதிவை (ரெஜிஸ்ட்ரேஷன்) மேற்கொள்கிறது. அந்தப் பதிவு தோற்றுப்போனால், ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்காமலே பிழை எண்ணோடு திரும்பிவிடுகிறது. இதற்கு 'நினைவகக் கசிவைத் திருத்தினேன்' என்று தலைப்பு வைத்தால் ஆயிரம் பேட்சுகளுக்கு அது பொருந்தும். 'யுஎஸ்பி: டிரைவரின் பெயர்: பதிவு தோல்வியுறும்போது நினைவகத்தை விடுவி' என்ற அமைப்பில் எழுதினால், எந்தத் துணையமைப்பு, எந்த டிரைவர், என்ன மாற்றம் என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். கெர்னலின் வழக்கப்படி தலைப்பு ஏவல் வடிவில், ஏறத்தாழ 70 முதல் 75 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். இவையெல்லாம் நடைமுறையில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும். இலக்கிய ஆங்கிலம் தேவையில்லை, சிறு சிறு வாக்கியங்கள் போதும்.

உடற்பகுதியில் மூன்று செய்திகள் வரிசையாக வர வேண்டும். இப்போது என்ன நடக்கிறது, அதனால் பயனருக்கு என்ன கேடு, இந்த மாற்றம் அதை எப்படிச் சரிசெய்கிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், பதிவு தோற்கும் ஒவ்வொரு முறையும் எந்தக் கட்டமைப்புக்கான நினைவகம் தொலைகிறது என்பதையும், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சாதனத்தைச் செருகிப் பார்த்துக் கண்டீர்களா, நிரலைப் படிக்கும்போது கண்ணில் பட்டதா, ஏதேனும் ஆய்வுக் கருவி காட்டியதா? கருவி காட்டியது, வன்பொருளில் சோதிக்கவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள். சோதிக்காததை ஒளிப்பவரின் அடுத்த பேட்சை யாரும் நம்ப மாட்டார்கள்.

செய்தியின் அடியில் குறிச்சொற்கள் வரும். பிழையை முதலில் நுழைத்த கமிட் தெரிந்தால் ஃபிக்ஸஸ் என்ற குறியோடு அந்தக் கமிட் எண்ணின் முதல் 12 எழுத்துகளையும் அதன் தலைப்பையும் கொடுக்க வேண்டும். எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்கு இந்தத் திருத்தம் போக வேண்டும் என்று, வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்களை மட்டும் சேர்த்துவரும் நிலைப்பதிப்புக் குழுவினர் முடிவு செய்வதற்கு இந்த ஒரு வரி பேருதவி. பிழையைச் சொன்னவர் வேறொருவர் என்றால் ரிப்போர்ட்டட்-பை குறியில் அவர் பெயரைச் சேருங்கள்.

சைன்ட்-ஆஃப்-பை வரி இல்லாத பேட்ச் ஏற்கப்படாது. எஸ்சிஓ நிறுவனம் லினக்ஸில் தன் நிரல் கலந்திருப்பதாகக் கூறி 2003இல் வழக்குத் தொடுத்த பின்னணியில், 2004இல் இந்த நடைமுறை வந்தது. இந்த வரியைச் சேர்ப்பதன் மூலம், இந்த நிரலை இந்த உரிமத்தின் கீழ் வழங்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் சான்றளிக்கிறீர்கள். வேலை நேரத்தில் எழுதியது உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். ஆகவே இதில் கையொப்பமிடும் முன் அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொள்வது அவசியம். பெயரில்லாப் பங்களிப்பு ஏற்கப்படுவதில்லை. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லை, தந்தை பெயரின் முன்னெழுத்துதான் உண்டு, அது தடையல்ல. முன்னெழுத்தை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும், எல்லாப் பேட்சுகளிலும் ஒரே வடிவத்தையே பயன்படுத்துங்கள்.

அனுப்புதல்

அனுப்பும் முன் செக்பேட்ச் என்ற ஸ்கிரிப்டை உங்கள் பேட்ச் மீது ஓட்டிப் பாருங்கள். நிரல்நடை பற்றிய குறைகளை அது காட்டிவிடும். அது சொல்லும் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஏற்காததற்கு உங்களிடம் காரணம் இருக்க வேண்டும். பிறகு கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டுக்குப் பேட்ச் கோப்பைக் கொடுத்தால், யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற பட்டியலைத் தரும். அந்தப் பகுதியை என்றோ ஒருமுறை தொட்டவர்களும் அதில் வரக்கூடும் என்பதால், பராமரிப்பாளர், மறுஆய்வாளர், மடற்குழு என்று குறிக்கப்பட்டவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

மடல் வெறும் உரையாக இருக்க வேண்டும்; எச்டிஎம்எல் கூடாது, இணைப்புக் கோப்பும் கூடாது. மறுஆய்வாளர் உங்கள் நிரலின் குறிப்பிட்ட வரியை மேற்கோளாக வைத்து அதன் கீழேயே பதில் எழுதுவார் என்பதே இதற்குக் காரணம். ஜிமெயிலின் இணையப் பக்கம் டேப் எழுத்துகளை இடைவெளிகளாக மாற்றி, நீண்ட வரிகளையும் உடைத்துவிடுவதால், அங்கே ஒட்டி அனுப்பிய பேட்ச் மறுமுனையில் பொருந்தாது. கிட் சென்ட்-இமெயில் கட்டளையைப் பயன்படுத்துங்கள். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மடலிலிருந்து பேட்சை எடுத்துப் பொருத்திப் பாருங்கள். அலுவலக வலைப்பின்னல் மடல் சேவையகத்தைத் தடுத்துவைத்திருந்தால், கெர்னல் சமூகம் உருவாக்கிய பி4 கருவி வலைவழியாகவே பேட்ச் தொடரை அனுப்பிவைக்கும். தொடர்களின் பதிப்பு எண்களையும் அதுவே கணக்கு வைத்துக்கொள்வதால், தொடக்கத்திலிருந்தே அதைப் பழகிக்கொள்வது நல்லது.

காலமும் முக்கியம். ஒரு கெர்னல் பதிப்பு வெளியானதும் இரண்டு வாரங்களுக்கு மெர்ஜ் விண்டோ (அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) திறந்திருக்கும். அந்த நாள்களில் பராமரிப்பாளர்கள் தாங்கள் ஏற்கெனவே சேர்த்துவைத்ததை லினஸிடம் ஒப்படைப்பதில் மூழ்கியிருப்பார்கள். அதன்பின் சோதனைக்கான முன்பதிப்புகள் ஆர்சி1 தொடங்கி வாரம் ஒன்றாக ஆர்சி7 அல்லது ஆர்சி8 வரை போய், ஒன்பது அல்லது பத்து வாரங்களில் ஒரு பதிப்பு முடியும். புதிய வசதிக்கான பேட்சை மெர்ஜ் விண்டோவில் அனுப்பினால் கவனிப்பார் இருக்க மாட்டார்கள். வலைப்பின்னல் துணையமைப்பு இதில் இன்னும் கண்டிப்பானது. திருத்தமா, புதிய வசதியா என்பதைத் தலைப்பிலேயே நெட், நெட்-நெக்ஸ்ட் என்று பிரித்துக் குறிக்க வேண்டும். மெர்ஜ் விண்டோவின்போது நெட்-நெக்ஸ்ட் மூடப்பட்டுவிடும். ஒரு தொடரில் 15 பேட்சுகளுக்கு மேல் கூடாது. உங்கள் தொடரின் ஒரு பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 24 மணி நேரமாவது விட வேண்டும்.

பதில் வந்தபின்

பதில் வராமலும் போகலாம். ஒரு வாரமாவது காத்திருங்கள். மெர்ஜ் விண்டோ என்றால் அதற்கும் மேல். பிறகு அதே மடல்தொடரில் பணிவாக ஒரு நினைவூட்டல் போதும். மௌனம் நிராகரிப்பு அல்ல.

விமர்சனம் வந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தந்த வரியின் கீழே பதில் எழுதுங்கள். முழு மடலையும் கீழே தொங்கவிட்டு மேலே ஒரு பத்தி எழுதுவது அங்கே நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. மறுஆய்வாளர் சொன்னது தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் காரணத்தோடு மறுத்துச் சொல்லலாம், அதை வரவேற்கவும் செய்வார்கள். ஒரு கேள்விக்குப் பதிலும் சொல்லாமல் மாற்றமும் செய்யாமல் அடுத்த பதிப்பை அனுப்புவதுதான் மன்னிக்கப்படாதது. இரண்டாம் பதிப்பின் தலைப்பில் வி2 என்று குறித்து, முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பை மூன்று சிறுகோடுகளுக்குக் கீழே எழுதுங்கள். அந்தக் கோடுகளுக்குக் கீழே உள்ளது கிட் வரலாற்றில் சேராது. மேலே உள்ளது என்றென்றும் இருக்கும். வி2 பேட்ச் தொடரை வி1இன் பதிலாக இணைக்காமல் புதிய மடல்தொடராக அனுப்புவதே வழக்கம்.

ஏற்கப்பட்ட பேட்ச் துணையமைப்பின் களஞ்சியத்தில் நுழைந்து, லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற ஒருங்கிணைப்புக் களஞ்சியத்தில் மற்ற துணையமைப்புகளின் மாற்றங்களோடு சேர்த்துச் சோதிக்கப்பட்டு, பிறகே லினஸிடம் போகும். பழைய நிலைப்பதிப்புகளுக்கும் அது தேவை என்றால் ஸ்டேபிள் குழுவின் முகவரியைச் சிசி குறியில் சேர்க்கலாம். ஆனால் அங்கே போவதற்கு, மாற்றம் முதலில் லினஸின் களஞ்சியத்தில் இருக்க வேண்டும், சூழல் வரிகளையும் சேர்த்து 100 வரிகளுக்குள் இருக்க வேண்டும், உண்மையான பிழையைத் திருத்த வேண்டும்.

இந்த ஏற்பாடு முழுவதும் நல்லெண்ணத்தின் மேல் நிற்கிறது. மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், வேண்டுமென்றே குறையுள்ள பேட்சுகளை அனுப்பி அவை மறுஆய்வைக் கடக்கின்றனவா என்று சோதித்தது வெளிவந்த பின், 2021 ஏப்ரலில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகளையே கெர்னல் சமூகம் நிறுத்திவைத்தது. அங்கிருந்து முன்பு வந்த 435 கமிட்களைத் தன்னார்வலர்கள் மறுபடியும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. அந்தக் கமிட்களில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன.  மறுஆய்வின் பலவீனத்தைப் பற்றி ஆராய விரும்புவோர், பராமரிப்பாளர்களின் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றுச் செய்ய வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பாதுகாப்புக் குறைபாடு: யாருக்கு, எப்படி

கெர்னலுக்கெனப் பொதுவில் வாசிக்க முடியாத பாதுகாப்புக் குழு முகவரி ஒன்று உண்டு. அதற்கு எழுதும்போது தொடர்புடைய துணையமைப்பின் பராமரிப்பாளர்களையும் அதே மடலில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பகுதியின் நிரல் அவர்களுக்குத்தான் தெரியும். சேர்க்காவிட்டால், பாதுகாப்புக் குழுவினர் அவர்களைத் தேடிப்பிடித்து அழைப்பதிலேயே முதல் நாள் கழிந்துவிடும். எந்தப் பொதுக் குழுவும் பெறுநர் பட்டியலில் இல்லை என்பதை அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் மறுபடியும் பாருங்கள். கெட்-மெயின்டெய்னர் தரும் பட்டியலில் மடற்குழு முகவரிகளும் கலந்திருப்பதால், பழக்க வேகத்தில் அதை அப்படியே ஒட்டிவிடுவது எளிதில் நடக்கக்கூடியது.

அறிக்கையும் வெறும் உரை மடலே. பிடிஎஃப், படங்கள், அலங்காரக் குறியீடுகள் வேண்டாம். எந்தப் பதிப்பில் கண்டீர்கள், எந்த வன்பொருள் கட்டமைப்பு, எந்த கான்ஃபிக் (கெர்னலைத் தொகுத்தபோது தேர்ந்த அமைப்புகள்), குறையைத் தூண்ட என்ன அதிகாரம் தேவை, எந்த ஃபங்ஷனில் எந்த வரிசையில் நடக்கிறது என்று எழுதுங்கள். தூண்டிக் காட்டும், சி மொழியில் எழுதிய சிறு நிரல் இருந்தால் அது பத்துப் பத்தி விளக்கத்துக்குச் சமம்.

கெர்னலை கேஏசான் என்ற நினைவகச் சோதனை வசதியோடு தொகுத்து ஓட்டியிருந்தால், அது அச்சிடும் அறிக்கையை வெட்டாமல் முழுதாகக் கொடுங்கள். விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொட்ட குறை என்றால் அந்த அறிக்கையில் மூன்று அழைப்புத் தடங்கள் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசைகள்) இருக்கும். தவறான தொடுகை எங்கே நடந்தது, அந்த நினைவகம் முதலில் எங்கே ஒதுக்கப்பட்டது, எங்கே விடுவிக்கப்பட்டது. பலர் முதல் தடத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள். உண்மையில் காரணம் பெரும்பாலும் மூன்றாவதில்தான் இருக்கும். தொட்டது படிக்கவா எழுதவா, எத்தனை பைட் என்பதும் அதில் உண்டு. எழுதும் தொடுகை என்றால் ஆபத்து பல மடங்கு. டீகோட்-ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்ட் மூலம் முகவரிகளைக் கோப்புப் பெயராகவும் வரி எண்ணாகவும் மாற்றிக் கொடுத்தால் படிப்பவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

திருத்தத்தையும் நீங்களே எழுதி அனுப்ப முடிந்தால் மிகச் சிறப்பு. முடியாவிட்டாலும் எங்கே திருத்த வேண்டும் என்ற ஊகத்தைச் சொல்லுங்கள். இதை வேறு யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள், ஏதேனும் மாநாட்டில் பேசத் தேதி குறித்திருக்கிறீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

குறையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எதுவரை உறுதி, எங்கிருந்து ஊகம் என்று பிரித்துச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த மாதிரி, 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் பின்கதவை (இரகசிய நுழைவழியை) பற்றி வெளியிட்ட அறிக்கை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலாளரான அவர், எஸ்எஸ்எச் வழியான தொலைநுழைவு வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதைக் கவனித்து, ஏறத்தாழ 0.3 வினாடி எடுக்க வேண்டியது 0.8 வினாடி எடுப்பதை அளந்து, அந்தத் தாமதத்தைத் துரத்திக்கொண்டே போய் 5.6.0, 5.6.1 ஆகிய இரு வெளியீடுகளில் ஒளிந்திருந்த தீய நிரலை வந்தடைந்தார். தாம் பாதுகாப்பு ஆய்வாளர் அல்லர் என்று அந்த அறிக்கையிலேயே தெளிவுபடுத்தி, பார்த்ததை மட்டும் பார்த்ததாகவும் மற்றதை ஊகமாகவும் எழுதினார். வழக்கமான நெறியிலிருந்து அவர் விலகிய இடமும் கற்றுக்கொள்ள வேண்டியதே. பின்கதவை வைத்ததில் திட்டத்தின் உள்ளிருப்பவரே சம்பந்தப்பட்டிருப்பதாகத் தெரிந்ததால், அவர் திட்டத்திடம் தெரிவிக்கவில்லை; கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்து வழங்கும் வினியோகங்களில் ஒன்றான டெபியனின் பாதுகாப்புக் குழுவிடமும், பிறகு வினியோகங்களின் கூட்டுக் குழுவிடமும் போனார். பராமரிப்பாளரையே ஐயப்பட வலுவான சான்று இருக்கும் அரிய நேரத்தில் செய்ய வேண்டியது அதுதான்.

மறைவு எத்தனை நாள்

கெர்னல் பாதுகாப்புக் குழு நீண்ட காலம் எதையும் மறைத்து வைப்பதில்லை. உறுதியான திருத்தம் தயாரானதும் வெளியிடுவதே அதன் விருப்பம். தெரிவித்தவரோ பாதிக்கப்படும் தரப்போ கேட்டுக்கொண்டால் 7 நாள்கள்வரை தள்ளிவைக்கும். குறை மிகக் கடுமையானது என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் விதிவிலக்காக 14 நாள்கள். இரகசிய ஒப்பந்தங்களில் அந்தக் குழு கையெழுத்திடுவதில்லை; ஆகவே உங்கள் நிறுவனத்தின் சட்டப் பிரிவு அப்படி ஒன்றைக் கேட்டால் அதற்குப் பதில் இல்லை என்பதை முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். ஆனால் குழுவுக்குள் நடந்த பேச்சு வெளியீட்டுக்குப் பின்னும் வெளியே வராது.

பிராசசர் போன்ற வன்பொருளில் உள்ள குறைகளுக்கு இது பொருந்தாது. 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர், மெல்ட்டவுன் போன்றவற்றுக்குப் பல நிறுவனங்கள் மாதக்கணக்கில் ஒருங்கிணைய வேண்டியிருந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, மறைகுறியாக்கம் செய்யப்பட்ட தனிக் குழுவும் தனி நடைமுறையும் வன்பொருள் குறைகளுக்கென ஏற்படுத்தப்பட்டன.

வினியோகங்களின் கூட்டுக் குழுவுக்கு எப்போது சொல்வது என்பதில் பலர் இடறுகிறார்கள். அந்தக் குழுவில் மறைவுக்கால உச்சவரம்பு 14 நாள்கள். நீங்கள் மடல் அனுப்பிய நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். காலம் முடிந்ததும் விவரத்தைப் பொதுக் குழுவில் வெளியிடும் கடமையும் உங்கள் தலைமேல் வந்துவிடும். ஆகவே பராமரிப்பாளர் ஏற்றுக்கொண்ட திருத்தம் கைக்கு வரும்வரை அங்கே போகாதீர்கள்.

சிவிஇ எண் (பாதுகாப்புக் குறைகளுக்கு வழங்கப்படும் பொது அடையாள எண்) கேட்டு முதல் மடலிலேயே எழுதுவதும் பயனற்றது. கெர்னல் திட்டம் 2024 பிப்ரவரியில் தானே சிவிஇ எண் வழங்கும் அமைப்பாகப் பதிவு பெற்றது. அதற்கெனப் பாதுகாப்புக் குழுவிலிருந்து வேறான குழு இருக்கிறது. பொதுவாக நிலைப்பதிப்பில் திருத்தம் சேர்ந்த பிறகே எண் வழங்கப்படும், திருத்தப்படாத குறைக்குத் தானாக எண் கிடைக்காது. ஏறத்தாழ எந்தக் கெர்னல் பிழையும் யாரோ ஒருவருடைய பயன்பாட்டில் பாதுகாப்புப் பிழையாகக்கூடும் என்ற நிலைப்பாட்டின்படி எண்கள் தாராளமாக வழங்கப்படுகின்றன. ஆகவே கெர்னலின் சிவிஇ எண்ணைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்க்க விரும்புபவர், எண்ணுக்கு மதிப்பில்லை, திருத்தத்துக்கே மதிப்பு என்பதை அறிந்துவைத்திருப்பது நல்லது.

மற்றத் திட்டங்களில்

கிட்ஹப்பில் உள்ள திட்டங்களில் செக்யூரிட்டி என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; தொடர்பு முகவரியும் காலவரையறையும் அதில் இருக்கும். தளத்திலேயே தனிப்பட்ட முறையில் தெரிவிக்கும் வசதி இயக்கப்பட்டிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எதுவுமே இல்லை என்றால், விவரம் எதையும் எழுதாமல், பாதுகாப்புப் பற்றித் தெரிவிக்க யாரை அணுகலாம் என்று மட்டும் பொதுவில் கேளுங்கள்.

திறந்த களஞ்சியத்தில் வைக்கப்படும் திருத்தமே ஓர் அறிவிப்பு என்பதை மறந்துவிடக் கூடாது. ஜாவா நிரல்கள் பயன்படுத்தும் லாக்4ஜே நூலகத்தின் குறைபாடு 2021 நவம்பர் 24 அன்று அதைப் பராமரிக்கும் அப்பாச்சி அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்டது. அதற்கான மாற்றங்கள் வெளியீட்டுக்கு முன்பே பொதுக் களஞ்சியத்தில் காணக்கிடைத்தன. டிசம்பர் 9 அன்று தாக்கும் முறை பரவலாகிவிட்டது. நீங்கள் பராமரிப்பாளராக இருந்தால், திருத்தத்தைத் தனிக் கிளையில் சோதித்து, பொதுவில் சேர்ப்பதற்கும் வெளியீட்டுக்கும் இடையே உள்ள நேரத்தை மணிக்கணக்கில் சுருக்க முயலுங்கள்.

இணையவழித் தரவுப் பரிமாற்றக் கருவியான கர்ல் திட்டத்தின் டேனியல் ஸ்டென்பெர்க் 2024 தொடக்கத்திலிருந்தே, செயற்கை நுண்ணறிவு எழுதிக்கொடுத்த பொய்யான பாதுகாப்பு அறிக்கைகள் குவிவதைப் பற்றி வருந்தி எழுதிவருகிறார். அவை நல்ல நடையில், தலைப்புகளோடு, இல்லாத ஃபங்ஷன்களைப் பற்றிப் பேசுகின்றன. பாதுகாப்பு அறிக்கை என்பதால் பராமரிப்பாளர் மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் படிக்கிறார். கடைசியில் ஒன்றும் இல்லை. எந்தக் கருவியைப் பயன்படுத்தினாலும், அது சொன்னதை உங்கள் கணினியில் நீங்களே தூண்டிப் பார்த்து, நிரலின் அந்த வரியை உங்கள் கண்ணால் படித்து உறுதி செய்யாமல் அனுப்பாதீர்கள். கருவி உதவியது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பதிலே வராவிட்டால்

முதல் மடல் சேர்ந்ததா என்று ஒரு வாரத்துக்குள் கேளுங்கள். பெரிய திட்டங்களில் பதில் வந்துவிடும்; தனி ஒருவர் ஓய்வுநேரத்தில் பார்த்துக்கொள்ளும் நூலகங்களில் வராமல் போகலாம். அப்போது அந்த மென்பொருளைத் தாங்கி வரும் டெபியன் போன்ற வினியோகத்தின் பாதுகாப்புக் குழுவை அணுகலாம்; அல்லது ஒருங்கிணைப்பு அமைப்புகளின் உதவியைக் கோரலாம். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இந்தப் பணியைச் செய்கிறது. சிவிஇ எண் வழங்கும் உரிமையும் அதற்கு உண்டு. அமெரிக்காவின் செர்ட்/சிசி பொதுவாக 45 நாள்களும், கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ 90 நாள்களும் காலவரையறை வைக்கின்றன. உங்கள் வரையறை எதுவானாலும் அதை முதல் மடலிலேயே தேதியோடு எழுதிவிடுங்கள். பிறகு சொன்னால் அது மிரட்டலாகத் தோன்றும். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன் நினைவூட்டுங்கள். தேதி வந்தபின் வெளியிடும்போது, பாதிக்கப்பட்ட பதிப்புகளையும் பயனர்கள் உடனே செய்துகொள்ளக்கூடிய தற்காப்பையும் முதலில் எழுதி, தாக்குதலை நிகழ்த்திக் காட்டும் நிரலைச் சில நாள்கள் கழித்து வெளியிடுங்கள்.